பன்சித் தின்ற ரோவெனா

இலோய்லோ நகரத்து ஆம்புலன்ஸ் நிலையத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தின்னலாம், பன்சித் நூடுல்ஸைத் தவிர. டூட்டியில் பன்சித் தின்றால் நோயாளிகள் அந்த நூடுல்ஸ் போலவே முடிவில்லாமல் வருவார்களாம். பிறந்தநாளுக்கு அதைத் தின்றால் ஆயுசு நீளும் என்பது ஊர் நம்பிக்கை. ஆயுசெல்லாம் டூட்டி முடிந்த பிறகு நீண்டால் போதும் என்பது நிலையத்தின் நம்பிக்கை.

ரோவெனாவோ தன் பிறந்தநாளன்று ஒரு பெரிய தட்டுப் பன்சித்துடன் வந்து இறங்கினாள். துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதில் பாராமெடிக் பட்டப்படிப்பில் சேர்ந்தவள். அவளே முன்னின்று பார்க்கும் அவசர கேஸ் இன்னும் ஒன்று வேண்டும். அது கிடைத்தால் பட்டம், பட்டம் கிடைத்தால் இதே நிலையத்தில் வேலை. ஆனால் அவள் டூட்டிக்கு வந்தாலே ஊரில் ஒருவருக்கு விக்கல்கூட வருவதில்லை.

டிரைவர் நோனோய் தட்டைப் பார்த்துவிட்டு சிலுவை போட்டுக்கொண்டான். "அக்கா, நீ பாஸாகணும்னு ஊரையே படுக்கவைக்கப் போறியா?"

"ஒரே ஒரு ஆள் போதும்டா. அதுவும் லேசா," என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது வாயும் தின்றாள்.

தட்டு பாதி காலியாவதற்குள் அழைப்பு வந்தது. ஜீப்னி என்ற ஷேர் வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் உளறுகிறாராம். போய் இறங்கினால், ஸ்டியரிங்கில் சாய்ந்து வியர்த்துக் கிடந்தவர் அவளுடைய அப்பா கோன்ராடோ. பாவி, ஆசைப்பட்டு ஆள் கேட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"எங்க இறங்கணும்மா? சில்லறையா குடு," என்றார் அப்பா, மகளை அடையாளம் தெரியாமல்.

ரோவெனா அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், அடிமட்டம். சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோற்றை மறந்திருக்கிறார் மனிதர். விழுங்க முடிகிறதா என்று பார்த்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஆம்புலன்ஸ் பாதி வழி போவதற்குள் அவருக்குத் தெளிந்துவிட்டது. சும்மா இருப்பாரா, நோனோய் கியர் மாற்றுவது சரியில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தார்.

கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்காக வண்டியில் கூடவே வந்திருந்த செனைடா மேடம் ரோவெனாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் சொந்த ரத்தத்துக்குப் பார்த்த கேஸை விதிப்படி கணக்கில் சேர்க்க முடியாது என்றாள். ரோவெனாவின் முகம் தொங்கிப்போனது.

படுத்திருந்த கோன்ராடோ தலையைத் தூக்கினார்.

"தாராளமா சேத்துக்கங்க மேடம். அவ காலேஜ்ல சேந்த அன்னிக்கே நீ எனக்கு மகளே இல்லன்னு சொல்லிட்டேன். தெருவே சாட்சி."

செனைடா மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேஸ் கணக்கில் ஏறவில்லை. அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, ரோவெனா மருத்துவமனை வரும்வரை அழுதாள்.