சக்கரம் இல்லாத வண்டிக்கு நாலு எலுமிச்சம்பழம்

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. பேய், பிசாசு, சகுனம், திருஷ்டி எதையும் நம்பாதவள் நான். ஆவூரில் பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனால் எங்கள் தெருவில் ஒருத்திக்குக் காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று எல்லோரும் கூடியபோது, முதலில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. அதுவும் நடுச்சாமத்தில் சுடுகாட்டில் இல்லை, காலை பத்தரை மணிக்கு, முப்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது.

நான் வேலை பார்ப்பது கீரனூர் தாண்டி திருச்சி ரோட்டில் ஒரு பழைய அரிசி ஆலைக் கொட்டகையில். ராணுவ டிரைவர்களுக்கான பயிற்சி சிமுலேட்டர் செய்கிறோம். பெரிய விஷயமாக நினைக்காதீர்கள், ஒரு டிரக்கில் டிரைவர் உட்காரும் கேபினை மட்டும் வெட்டி எடுத்து ஆறு இரும்புக் கால்கள் மேல் தூக்கி வைத்திருப்போம், கண்ணாடிக்கு வெளியே பெரிய பெரிய திரைகள், திரையில் பனிமலை, குறுகலான ரோடு, ஒரு பக்கம் பாதாளம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் படம் திரும்பும், பள்ளத்தில் விட்டால் அந்த ஆறு கால்களும் ஆளைக் குலுக்கி எடுத்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் நிஜ மலைக்குப் போகும் முன் இதில் பத்துத் தடவை பாதாளத்தில் விழலாம், விழுந்துவிட்டு இறங்கி வந்து டீ குடிக்கலாம். அந்த மலை, பனி, பாதாளம் எல்லாம் என் கம்ப்யூட்டரில் நான் செய்தது. நான் நார்த்தாமலையைத் தவிர வேறு மலை ஏறாதவள் என்பதை ராணுவத்திடம் நாங்கள் சொல்லவில்லை.

முதல் வண்டியே இரண்டு தடவை சோதனையில் தோற்றுப்போயிருந்தது. காரணம் வாந்தி. கால்கள் குலுங்குவதற்கும் படம் நகர்வதற்கும் நடுவில் கண் இமைக்கிற நேரம் பிசகினாலும் வயிற்றைப் புரட்டும். ஓட்டிப் பார்க்க வந்த சுபேதார் இரண்டு தடவையும் பாதி மலையிலேயே வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினார். அந்தப் பிசகை மூன்று மாதம் உயிரைக் கொடுத்துச் சரிசெய்து, கருவி வைத்து அளந்தும் பார்த்துவிட்டேன். ஆனால் இரண்டு தடவை பயந்த வயிறு கருவி சொல்வதைக் கேட்குமா? மூன்றாவது தடவையும் அவர் வாந்தி எடுத்தால் ஆர்டர் ரத்து, கொட்டகைக்குப் பூட்டு என்று ஆச்சி சொல்லிவிட்டார். ஆச்சிதான் எங்கள் முதலாளி. திருமயம் பக்கத்துக்காரர், சொந்தபந்தமெல்லாம் சென்னையில் வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் பிடிவாதமாக இங்கே வந்து முப்பது பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த முப்பது பேரில் என்னைத் தவிர எல்லோருக்கும் தோல்விக்கான காரணம் வேறாக இருந்தது.

சோதனைக்கு முந்தின நாள் முருகேசு அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார். இரும்புக் கால்களைப் பொருத்துகிற ஃபிட்டர் அவர்.

"இந்தா பாருங்க ஜெசிந்தாம்மா, புது வண்டிய எலுமிச்சம்பழத்துல ஏத்தாம எவனாச்சும் ரோட்டுக்கு எடுப்பானா? ரெண்டு தடவையும் நாம ஏத்தல. அதான் வெளங்கல."

"அண்ணே, இதுக்குச் சக்கரமே இல்ல. பழத்த எங்கிட்டு வெப்பீங்க?"

அவர் என் மானிட்டரைக் காட்டினார். "சக்கரம் ஒங்க கம்ப்யூட்டர்லதான இருக்கு? அங்கிட்டு வைங்க."

சனியன் விட்டால் போதும் என்று நாலு எலுமிச்சம்பழம் வரைந்தேன். வரைந்தேன் என்றால் ஒன்றை வரைந்து மூன்று நகல். பார்த்துவிட்டு, இது சாத்துக்குடியால்ல இருக்கு, சின்னதாக்குங்க என்றார். சின்னதாக்கினேன். பனிமலை அடிவாரத்தில் நிற்கிற வண்டியின் நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தேன். மானிட்டருக்குச் சூடம் காட்டினார்கள், ஆச்சி உட்பட எல்லோரும் கும்பிட்டார்கள், முருகேசு அண்ணன் கேபினில் ஏறி வண்டியை எடுத்தார். சக்கரங்கள் பழத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டன. பழம் அப்படியே இருந்தது.

"நசுங்கலையே!" என்று உள்ளேயிருந்து அலறினார்.

"அது வெறும் படம்ணே. எடை கெடையாது, தோல் கெடையாது. நசுங்கணும்னா நான் ரெண்டு வாரம் ஒக்காந்து எழுதணும்."

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. எஞ்சினீயரிங் படித்த ஆச்சிகூட, "நசுங்கியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று முணுமுணுத்தார். எனக்கு வந்ததே கோபம், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த ஆத்திரத்தில் பழங்களை அழிக்க மறந்துபோனேன்.

மறுநாள் காலையில் ஒரு மேஜரும் அதே சுபேதாரும் வந்தார்கள். சுபேதார் தேனிப் பக்கத்துக்காரர், ஆறடி ஆள், மீசை ஒரு முழம். சட்டைப் பையில் இரண்டு பிளாஸ்டிக் பை மடித்து வைத்திருந்தது வெளியே தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகவே. அவர் கேபினில் ஏறினார். மேஜர் வெளியே எங்களோடு நின்றார். வெளியே ஒரு திரையில் வண்டி முழுசாகத் தெரியும், சக்கரமும் சேர்த்து. நான் திரையைப் போட்டேன். வெள்ளைவெளேரென்ற பனியில் நாலு எலுமிச்சம்பழம்.

மேஜர் குனிந்து பார்த்து, "அது என்ன மஞ்சளா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுபேதார் கியரைப் போட்டுவிட்டார்.

நம்பினால் நம்புங்கள். கேபின் முன்பக்கம் லேசாக எழும்பி இறங்கியது, அடுத்து பின்பக்கம். திரையில் நாலு பழமும் சப்பென்று நசுங்கிப் பனியில் சாறு தெறித்தது. கொட்டை சிதறியது. அதைவிட, வாசனை. பழத்தை இப்போதுதான் அரிந்தது போலக் கொட்டகை முழுக்க எலுமிச்சை வாசம். ஆச்சி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. "ஏத்தியாச்சு! யாருங்க இது, நம்மூரு ஆளுங்கதானா நீங்க? மலைக்குப் போற பஸ்ல எங்கம்மா எலுமிச்சம்பழத்த மூக்குல வெச்சு அமுக்கும். வாந்தி வருமா அப்புறம்?"

நாற்பது நிமிடம் ஓட்டினார். பதினெட்டு வளைவு, பனிப்புயல், ஒரு நிலச்சரிவு. வாந்தியும் இல்லை, ஏப்பமும் இல்லை, பாதி வழியில் பாட ஆரம்பித்துவிட்டார். இறங்கி வந்ததும் அந்த இரண்டு பிளாஸ்டிக் பையையும் எடுத்து முருகேசு அண்ணன் கையில் கொடுத்து, "காய்கறி வாங்க வெச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான், கொட்டகையில் விசில் பறந்தது. வெல்டிங் பையன்கள் ஆடுகிறார்கள், ஆச்சி அழுகிறார், சிரிக்கிறார், எல்லோருக்கும் பிரியாணி என்கிறார், மேஜருக்கே ஊட்டிவிடப் போனார். என் வாழ்நாளில் அப்படி ஒரு பகல் பார்த்ததில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் கேபினுக்குள் தவழ்ந்து தேடினேன். முருகேசு அண்ணன் நிஜப் பழத்தை எங்காவது ஒளித்து வைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். ஒரு கொட்டைகூட இல்லை. குலசாமி மேல் சத்தியம் செய்தார். வாசனைக்கு அவரைச் சொல்லலாம், திரையில் நசுங்கியதற்கு யாரைச் சொல்வது? என் ஃபைலைத் திறந்தால் நாலு பழமும் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. மறுபடி ஐம்பது தடவை ஓட்டினேன். சக்கரம் புகுந்து புகுந்து போனதே தவிர ஒன்றும் நசுங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேஜர் தன் அறிக்கையில் எழுதிவிட்டார்: தொடக்கத்தில் வரும் எலுமிச்சம்பழக் குலுக்கலும் வாசனையும் குமட்டலைத் தடுக்கின்றன, இனி வரும் எல்லா வண்டிகளிலும் கட்டாயம் இருக்க வேண்டும். நான் செய்யாததை எப்படிச் செய்து கொடுப்பேன்? நசுங்க வைக்க ஒரு மாதம் மல்லுக்கட்டினேன், வரவே இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆச்சியிடம் போனேன். "யாருட்ட என்னன்னு சொல்லுவ?" என்று கேட்டார். அதுவும் சரிதான். இரண்டாவது வண்டிச் சோதனைக்கு நாலு பழத்தை வரைந்து வைத்துவிட்டு, ஜெபமாலையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நின்றேன். சுபேதார் கியரைப் போட்டார். நசுங்கியது, மணத்தது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இதுவரை ஏழு வண்டி போயிருக்கிறது. ஏழிலும் அப்படித்தான், சோதனையன்று மட்டும், முதல் தடவை எடுக்கும்போது மட்டும். கொட்டகையில் இப்போது ஐம்பது பேர். முருகேசு அண்ணன் மகளுக்குப் போன தையில் கல்யாணம், நான் வயிறாரச் சாப்பிட்டு வந்தேன். எல்லாம் சந்தோஷம்தான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை.

ஆனால் பாழாய்ப்போன புத்தி சும்மா இருக்கிறதா? ஏழாவது வண்டிக்கு யாரிடமும் சொல்லாமல் மூன்று பழம்தான் வரைந்தேன். பின்சக்கரம் ஒன்றுக்கு வைக்கவில்லை. ஐம்பது பேர் பிழைப்போடு விளையாடுகிறோமே என்று கடைசி நிமிடத்தில் நாலாவதை வைக்கப் போனேன், அதற்குள் சுபேதார் வண்டியை எடுத்துவிட்டார். முன்னால் குலுங்கியது, பின்னால் குலுங்கியது. வாசம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் திரையில் எண்ணினேன், பனியில் நாலு பழம் நசுங்கிக் கிடந்தது. மூன்று நான் வரைந்தவை, ஒரே அச்சு. நாலாவது கொஞ்சம் காயாக இருந்தது, காம்போடு ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. என் பனிமலையில் மரமே கிடையாது, நான் இதுவரை ஓர் இலை வரைந்ததில்லை.