பல்லு மீனுக்குக் கம்பி

சண்முகநாதன் இறந்த ஆறாம் நாள், மகள் நிலாணி அவருடைய தூண்டில் தடியைக் காருக்குள் குறுக்கே செருகிக்கொண்டு வெக்ஸ்போர்ட்டில் இருந்த தூண்டில் கடைக்குப் போனாள். வீட்டில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவளால் உட்கார முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். சண்முகநாதனுக்கு வால்ஐ என்ற நன்னீர் மீனில் வைத்த குழம்பு. அதுவும் கடை மீன் ஆகாது.

"தான் பிடிச்ச வால்ஐயைத்தான் மனுசன் வாயிலை வைச்சவர். கடையிலை வாங்கிப் படைச்சால் தொடமாட்டார்," என்று அம்மா மங்கையற்கரசி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

வால்ஐ பிடிக்க அரசு அனுமதிக்கும் காலம் சனிக்கிழமைதான் திறக்கிறது. ஆக, கையில் ஒரே ஒரு நாள்.

நிலாணி விமான உதிரிப்பாகங்களைச் சோதிக்கும் பொறியியலாளர். தூண்டில் போட்டதே இல்லை. அப்பா கூப்பிட்ட சனிக்கிழமைகளில் எல்லாம் அவளுக்கு வேலை இருந்தது.

கடை வாசலில் மஃரூப் காத்திருந்தார். மிசிசாகாவில் விமான நிலையத்தில் சண்முகநாதனோடு பெட்டி ஏற்றியவர். பன்னிரண்டு வருடமாகக் குவின்ரி விரிகுடாவில் அவருக்குப் பக்கத்தில் நின்று தூண்டில் போட்டவர். உள்ளே நிலாணி எடுத்து வைத்த சாமான்களைப் பார்த்தார்.

"உதென்ன மகள், சுறா பிடிக்கப் போறீங்களோ?"

"அப்பான்ரை செற்றப் அப்பிடியே வேணும், அங்கிள். நாற்பது இறாத்தல் தாங்கிற நூல், முனையிலை உருக்குக் கம்பி. பழங்கம்பி துருப்பிடிச்சிட்டுது."

"வால்ஐக்குக் கண் கூர்மை. தெளிஞ்ச தண்ணியில கம்பியைக் கண்டால் கிட்ட வராது. மெல்லிய தடி, எட்டு இறாத்தல் நூல், சின்ன ஈயத்தலை வைச்ச தூண்டில். அது காணும்."

"அப்பா உதாலைதானே பிடிச்சவர்?"

மஃரூப் தொப்பியைக் கழற்றினார். நிலாணி அப்பாவின் ரீலைச் சுற்றிக்கொண்டே நின்றாள். நிறுத்த முடியவில்லை.

"ஒண்டுகூட இல்லை, மகள்."

"பன்னிரண்டு வருஷமாவோ?"

"நான் பிடிச்சதைக் குடுத்து விடுவன். முதல்முறை வெறுங்கையோட போக வெக்கப்பட்டார். உங்கட அம்மா வாசலிலயே வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டா. பிறகு எப்பிடிச் சொல்றது?"

"நூலை மாத்தச் சொல்லேல்லையோ?"

"ஒவ்வொரு சனியும் சொன்னன். உங்கட அப்பா சொல்லுவார், 'டேய் மஃரூப், பல்லு மீனடா. சீலா மாதிரி. கம்பி இல்லாட்டி அறுத்துக்கொண்டு போயிடும்.' ஊரில கடல்ல சீலா பிடிச்ச ஆள். நான் சொல்லிக் கேப்பாரோ?"

நிலாணிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட ஆறு திருகாணி அடித்தவர். அவளுடைய முதல் பள்ளிக்கூடப் பைக்கு மீன் நூலால் வார் தைத்தவர். பன்னிரண்டு வருடம், மீன் பூச்சியம், எதையும் மாற்றவில்லை. வேலையிடத்தில் யாரும் இப்படிச் சோதனை செய்திருந்தால் அவள் அன்றைக்கே நிறுத்தியிருப்பாள்.

கம்பியைத் திரும்ப இருந்த இடத்தில் மாட்டினாள். மெல்லிய தடியை எடுத்தாள்.

சனி காலை, குவின்ரியில் அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. எறிவதும் இழுப்பதும் நகர்வதுமாக இருந்தாள்.

"மீனை ஓட விடுங்கோ மகள், நீங்க ஓடாதீங்கோ," என்றார் மஃரூப். அவருடைய வாளியில் ஏற்கனவே இரண்டு கிடந்தன. "ஒண்டும் படாட்டி இதைக் கொண்டு போங்கோ."

"வேண்டாம், அங்கிள். இந்த முறை வேண்டாம்."

பத்து மணிக்கு நுனி ஒருமுறை துடித்தது. பிறகு பாரம். நூல் அறவில்லை. கண்ணாடிக் கண்களோடு மீன் கரைக்கு வந்தது.

வீட்டு வாசலில் அம்மா போனோடு நின்றாள்.

"அப்பான்ரை கம்பியிலையோ பிடிச்சனீ?"

பின்னால் மஃரூப் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஓம், அம்மா."

"பாத்தியே. கம்பி இல்லாட்டி அறுத்திருக்கும். தூக்கிப் பிடி, முகம் தெரிய."

நிலாணி மீனைத் தூக்கிப் பிடித்தாள். மெல்லிய தடி காருக்குள்ளேயே கிடந்தது.