பல்செட்டுக்காரரும் ஆறு கோலும்

நான்கு கடைவாய்ப் பற்களை மேசையின் குறுக்கே வரிசையாக நிறுத்திவிட்டு, மெழுகு சீவும் கத்தியின் பின்பக்கத்தால் அவற்றை ஒரே தள்ளாக நடுமேசை வரை தள்ளுகிறார். "இங்க நிக்கணும். இவ்ளோ மேல. அப்பதான் எதிராளிக்கு மூச்சு முட்டும்" என்கிறார். இரண்டு முன்பற்கள்தான் எதிரணி. உருட்டிய மெழுகுத் துணுக்கு ஒன்று பந்து. கோல்கீப்பராக நிற்பது யாருடைய கோரைப்பல்லோ தெரியவில்லை.

தெருவில் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல்வரிசை செய்து கொடுக்கிறார். உடைந்த செட்டை ஒட்டிக்கொள்ள ஆட்கள் நேராகவும் வருவார்கள். ஒரே அறை. ஜன்னலோரம் மேசை, மேசைமேல் ஸ்பிரிட் விளக்கு, சுவர் அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். அந்த அறையில் கால்பந்து பேசாத வாய்கள் அவை மட்டும்தான்.

ஆள் ஒல்லி. முழங்கைவரை எப்போதும் வெள்ளை மாவு அப்பியிருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவருக்கு மேல்வரிசையில் ஒன்று இல்லை. சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வார். கேட்டால், "எனக்குச் செஞ்சுக்க நேரம் எங்கங்க இருக்கு?" என்பார். நேரம் எங்கே போகிறது என்பது மாடியில் குடியிருக்கும் அவர் மனைவிக்குத் தெரியும். "வீட்ல ஊமை. கீழ இறங்கிப் பல்லைக் கையில எடுத்தாதான் பேச்சே வரும்" என்று அந்த அம்மாள் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கால்பந்தில் ஒரு சுக்கும் தெரியாது. முன்பல் இரண்டும் போனதால் அங்கே போய் மாட்டிக்கொண்டவன் நான். என் பற்கள் எப்போதோ தயாராகிவிட்டன. அவை எதிரணிக்கு ஆடிக்கொண்டிருப்பதால் இன்னும் என் வாய்க்கு வந்து சேரவில்லை.

பல வருடங்களாக அவருக்கு ஒரே வழக்குத்தான். எங்கள் அணியின் டிஃபென்ஸ் கோல் வாசலிலேயே பதுங்கி நிற்கிறது, கோச் பயந்தாங்கொள்ளி, வரிசையை மேலே ஏற்றினால் எவனும் நம்மை அசைக்க முடியாது. ஒவ்வொரு தோல்விக்கு மறுநாளும் ரசிகர்கள் அந்த அறையில் கூடுவார்கள். பற்கள் மேசைக்கு வரும், வரிசை மேலே ஏறும், கோச்சின் மானம் காற்றில் பறக்கும்.

அந்தக் கோச்தான் ஒருநாள் உள்ளே வந்தார். நான் மட்டும் இருந்தேன். தொப்பியை இறக்கிவிட்டு, வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். மைதானத்தில் கத்திய கத்தலில் செட்டு வெளியே தெறித்து, அதைத் தானே மிதித்துவிட்டாராம். ஒட்டிக் காயும்வரை மனிதர் வாயைத் திறக்கவில்லை. எதிர்த்துப் பேச முடியாத ஒரு கோச் கைக்குக் கிடைத்தால் எந்த ரசிகன் விடுவான்? பல்செட்டுக்காரர் கடைவாய்ப் பற்களை எடுத்து அடுக்கிவிட்டார். கோச் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். செட்டை மாட்டி இரண்டு முறை கடித்துப் பார்த்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பந்தைப் பின்னாடி தூக்கிப் போட்டா?"

"ஓடிப் பிடிக்கட்டும் சார். கால் இருக்கில்ல?"

கோச் மேசையை வெகுநேரம் பார்த்தார். அவர் போனதும் பல்செட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, அவர் இங்கே வந்ததை வெளியே மூச்சுவிடக் கூடாது என்றார். யாருக்குச் செட்டு என்று சொல்கிறவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லையாம். நானும் தலையாட்டினேன்.

போன சனிக்கிழமை எங்கள் ஊர் மைதானத்தில் ஆட்டம். என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். விசில் ஊதியதும் எங்கள் டிஃபென்ஸ் நான்கு பேரும் விறுவிறுவென்று நடுக்கோட்டுக்கு ஏறினார்கள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நம்ம மேசை. அப்படியே நம்ம மேசைங்க" என்றார்.

எதிரணி ஒன்றும் மூளையைக் கசக்கவில்லை. பந்தை எங்கள் வரிசைக்குமேல் தூக்கிப் போட்டார்கள், ஓடினார்கள், அடித்தார்கள். முதல் கோலுக்கு, "முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றார். இரண்டாவதுக்கு, பழக வேண்டாமா என்று கேட்டார். மூன்றாவதுக்குப் பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். திரும்பத் திரும்பப் பின்னால் ஓடிய எங்கள் லெஃப்ட் பேக் கடைசியில் கால் பின்னிக் குப்புற விழுந்தான். எழுந்திருக்கவும் அவனுக்குத் தெம்பில்லை. ஆறு கோல். எங்களுக்கு ஒன்றுகூட இல்லை. மைதானத்தில் யாரும் திட்டவில்லை, பாட்டில் எறியவில்லை. விபத்தைப் பார்த்த கூட்டம் கலைகிறதுபோல் ஜனம் பேச்சுமூச்சில்லாமல் வெளியேறியது. இவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். "ஆறா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். தெருமுனை திரும்பும்போது மறுபடியும், "ஆறா?" என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போல் கூட்டம். பஸ் டிரைவர் வந்திருந்தார். ரசிகர் சங்கச் செயலாளர் அவர்தான். மருந்துக்கடைக்காரர் வந்திருந்தார். எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும், பல்செட்டுக்காரரின் மைத்துனனும் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எல்லோர் முகமும் பேயறைந்த முகம். பற்களை யாரும் தொடவில்லை.

லெஃப்ட் பேக்குக்குக் காலே இல்லை என்றார் மருந்துக்கடைக்காரர். மைத்துனன் விடவில்லை. அவ்வளவு தூரம் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் குதிரைகூட விழும், பையன்மேல் பழி போடாதீர்கள் என்றான். "தோத்தாலும் நாம ஒரு கோல்ல தோக்கற டீமு. அந்தப் பின்னாடி நிக்கறதுதானேங்க நம்மளக் காப்பாத்திட்டு இருந்துச்சு" என்றான். இந்த விஷயம் எங்கள் அறையில் யாருக்கும் அதுவரை தோன்றியதே இல்லை.

சாயந்தரம் கிளப் கமிட்டி கூடுகிறது. கோச்சை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள். ரசிகர்கள் பக்கத்துக் கருத்தை டிரைவர் போய்ச் சொல்ல வேண்டும். அனுப்பிவிட்டால் இந்த வயதில் கோச்சுக்கு இன்னொரு அணி கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"என்னண்ணே, நீங்க ஒண்ணுமே சொல்லலியே?" என்றார் டிரைவர்.

"தொண்டை கட்டியிருக்கு."

பச்சைப் பொய். முந்தின நாள் அவர் கத்தவேயில்லை. தலை நிமிராமல், ஏற்கெனவே அரத்தால் ராவி முடித்த செட்டையே மறுபடி ராவிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் அந்த மனுஷனைக் கிழி கிழியென்று கிழித்த வாய் இது. இன்றைக்கு மட்டும் தொழில் ரகசியத்துக்குப் பின்னால் பதுங்கி நிற்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. சொல்லிவிடலாம் என்றால், நானும் தலையாட்டித் தொலைத்தவன்.

கோச் போக வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் டிரைவர். தானும் தூக்கினார். மருந்துக்கடைக்காரர் தூக்கினார். மைத்துனன் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தூக்கினான். பல்செட்டுக்காரர் தூக்கவில்லை. டிரைவருக்கு அது விளங்கவில்லை, ஆனாலும் வற்புறுத்தாமல் கிளம்ப எழுந்தார்.

"ஆயுசு பூரா ஜாக்கிரதையா ஆடுன மனுஷன். எந்த முட்டாள் பேச்சைக் கேட்டுக் கெட்டாரோ. யாருன்னு தெரிஞ்சாத் தேவல" என்றார், செருப்பைக் காலால் தேடிக்கொண்டே.

ராவுகிற சத்தம் நின்றது.

பல்செட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல், மாவு அப்பிய வலது கையைத் தலைக்குமேல் தூக்கினார்.