லிஃப்ட்டுக்குள் புகுந்த காய்ச்சல்

அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் எல்லோரும் அவரை 'மேலேகீழே' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தோரு வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறவர். யார் எந்த மாடி என்பது அவருக்கு அத்துப்படி. கேட்காமலே பொத்தானை அழுத்திவிடுவார்.

புது ஃப்ளூ காய்ச்சல் ஊரெல்லாம் பரவத் தொடங்கிய வாரம், மேலாளர் ஒரு பாட்டில் மருந்துத் தண்ணீரையும் துணியையும் அவர் கையில் திணித்தார். "ஒவ்வொரு தடவையும் பட்டனைத் துடைச்சிடுங்க. கிருமி கையிலதான் ஒட்டும்."

துடைத்தார், நாள் முழுக்கத் துடைத்தார். மூன்றாம் மாடி ஓவியர், "ஃபேனை நிறுத்துங்க, கிருமிய எல்லார் மேலயும் அடிச்சு விடுது" என்றார். நிறுத்தினார். ஏழாம் மாடி வக்கீலம்மா, "மூச்சு முட்டுதே, போடுங்க" என்றார். போட்டார். மறுநாள் ஓவியர் முறைத்ததும் மறுபடி நிறுத்தினார். யார் சொல்வது சரி என்று பிடிபடாமல், கடைசியாகச் சொன்னவர் பேச்சைக் கேட்டார்.

பத்தே நாளில் வெவ்வேறு மாடிகளில் ஆறு பேர் படுத்துவிட்டார்கள். சுகாதாரத் துறையிலிருந்து வந்த நர்ஸ் விசாரித்தார். ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது லிஃப்ட் மட்டும்தான்.

"உங்களுக்கு உடம்பு எப்படிங்கய்யா இருக்கு?"

"குண்டுக்கல்லு மாதிரி இருக்கேம்மா. தொண்டைதான் ரெண்டு நாளா கரகரங்குது. இந்த மருந்துத் தண்ணி நெடி."

நர்ஸ் அவர் மூக்கில் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஃபோன் வந்தது. அவருக்கும் ஃப்ளூதான்.

"காய்ச்சலே இல்லையேம்மா! அப்ப நான் அவங்களுக்குக் குடுத்தேனா, அவங்க எனக்குக் குடுத்தாங்களா?"

"சொல்ல முடியாதுங்கய்யா. சிலருக்கு லேசா வந்துட்டுப் போயிடும். உடம்புக்கு ஏதும் தெரியறதுக்கு முந்தின நாளே பரவ ஆரம்பிச்சிடும்."

"அவ்வளவு துடைச்சேனே?"

"துடைச்சது நல்லதுதான். ஆனா இது முக்கியமா மூச்சுல, இருமல்ல, தும்மல்ல பரவுது. அடைச்ச பெட்டிக்குள்ள பத்துப் பேர் நின்னா, துணி என்ன பண்ணும்? ஃபேனை வேற நிறுத்திட்டீங்க."

வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியான மகளும் மருமகனும் இருந்தார்கள். அவர் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நர்ஸ் சொன்னபடி ஜன்னலைத் திறந்தார். மனைவி வெளியிலிருந்து கையை நீட்டி அதைச் சாத்தினாள்.

"காத்து பட்டா ஜன்னி வந்துடாதா?"

"திறக்கச் சொன்னாங்கடி."

"அந்த ஓவியர் சொன்னதையும் இப்படித்தான் நம்பினீங்க."

அன்று பாதி நாள் அவர் திறப்பதும் அவள் சாத்துவதுமாகப் போயிற்று.

நான்காம் நாள் காலை கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. "அப்பா, எனக்கு உடம்பு கொதிக்குதுப்பா."

பதறிக் கதவைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். மகளைத் தாங்கிப் பிடிப்பதா, தள்ளி நிற்பதா? நின்ற இடத்திலிருந்தே நர்ஸுக்கு ஃபோன் போட்டார். "வயித்துல பிள்ளை இருக்கு, நாளைக்குன்னு தள்ளாதீங்க. மாஸ்க் போட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றார் நர்ஸ்.

அன்றே மாத்திரை தொடங்கினார்கள். மூன்று நாள் அவள் துவண்டு கிடந்தாள். ஐந்தாம் நாள் சாப்பாட்டில் உப்பில்லை என்று அம்மாவிடம் சண்டை பிடித்தபோதுதான் வீட்டுக்கு உயிர் வந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

"நான் தினமும் கூட்டத்துல பஸ் ஏறுறேன். என்கிட்டேர்ந்தும் வந்திருக்கலாம் மாமா" என்றார் மருமகன். உண்மையைத்தான் சொல்கிறாரா, ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்று அவருக்கு விளங்கவில்லை.

நர்ஸ் போகச் சொன்ன பிறகே வேலைக்குப் போனார். மாஸ்க் போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று மேலாளரிடமே சொல்லிவிட்டார். அன்று ஆறாம் மாடி அதிகாரி இருமிக்கொண்டே வந்தார்.

"அலர்ஜிங்க. வருஷா வருஷம் வர்றதுதான்."

இருக்கலாம். தன் தொண்டைக் கரகரப்பை மருந்துத் தண்ணி நெடி என்றுதானே அவரும் நர்ஸிடம் சொன்னார்? ஏற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தடுமாறியவர், வெளியே இறங்கிக்கொண்டார்.

"நீங்க தனியாப் போங்க சார். ஆறை அழுத்தினாப் போதும்."

லிஃப்ட் காலியாகத் திரும்பி வந்ததும், உள்ளே காற்று மாறட்டும் என்று கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றார். வரிசை முணுமுணுத்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

அதை நர்ஸிடம் கேட்க மறந்திருந்தார். "தெரியலீங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார்.