ஜெகதாம்பாள் கதவில் ஒட்டிய மனு

அரியலூர் கடைத்தெருவில் சீமெண்ணெய் விற்கிற லைசென்ஸ் ஜெகதாம்பாளிடம் இருந்தது. யுத்தத்தில் சீமெண்ணெய்க்கு ரேஷன் வந்ததிலிருந்து ஊரில் பாதிப் பேர் அவளைக் கும்பிட்டார்கள். மீதிப் பேர் அவள் முதுகுக்குப் பின்னால் ஏசினார்கள். புருஷன் போன பிறகு தனியாகக் கடை நடத்துகிறவளுக்கு இந்த மரியாதை போதும் என்று அவள் இருந்தாள்.

1945 சித்திரையில் அந்த லைசென்ஸுக்கு ஆபத்து வந்தது. அவளுடைய அளவுக் குவளை நசுங்கியது, அளவு குறைகிறது என்று எதிர்க்கடை குருநாதன் சப்ளை ஆபீசருக்குப் புகார் எழுதிவிட்டான். அவளிடமிருந்து பிடுங்கினால் தனக்குத்தான் கிடைக்கும் என்று அவனுக்கு ஆசை. வெள்ளிக்கிழமை விசாரணை.

குவளையை அளந்து பார்த்தால் தீர்ந்தது. ஆனால் சர்க்காருக்கு அப்படிச் சட்டென்று தீர்த்துப் பழக்கமில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் பிச்சைமுத்து, மூக்குப்பொடியை இழுத்துவிட்டு விதியைச் சொன்னார். அளந்து பார்க்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும். விசாரணைக்கு மூன்று நாள் முன்பே நகலைப் புகார்க்காரன் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனு சுண்டல் மடிக்கத்தான் ஆகும்.

குருநாதனுக்கும் விதி தெரியும். அவள் தலை தெரிந்தால் கொல்லை வழியாக ஓடினான். ஆள் சிக்காவிட்டால் இரண்டு சாட்சி வைத்து அவன் வீட்டுக் கதவில் ஒட்டலாம் என்றார் பிச்சைமுத்து.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெகதாம்பாள் அரிசிக் கஞ்சியில் பசை காய்ச்சினாள். அடுப்படிப் பழக்கத்தில் கை தானாக உப்பையும் போட்டுவிட்டது. ஒட்டிவிட்டுச் சாட்சிக்கு ஆள் கூட்டிவரப் போனாள். திரும்பி வந்தபோது குருநாதனின் வெள்ளாடு கதவை நக்கிக்கொண்டிருந்தது. நகல் முழுக்க உள்ளே போயாகிவிட்டது. சாட்சிகள் இருவரும் ஆட்டைத்தான் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் நகல் கிடைத்ததா என்று கேட்டார். கண்ணாலேயே பார்க்கவில்லை என்று குருநாதன் கையைக் கட்டிக்கொண்டான். ஆபீசர் மனுவைத் தள்ளப் பேனாவைத் திறந்தார். ஜெகதாம்பாள் பேச வேறு ஒன்றும் தோன்றாமல் குருநாதன் பக்கம் திரும்பினாள்.

“ஆடு எப்புடி இருக்கு தம்பி? மூணு நாளா கழியுதாமே.”

“ஏங்க்கா கழியாது? நீங்க ஒட்டுன காயிதத்த முழுசாத் தின்னுட்டு...”

குருநாதன் பாதியில் வாயை மூடினான். ஆபீசர் பேனாவையும் மூடினார்.

“ஒட்டுனது தெரியும். அப்படித்தானே?” என்றார்.

மனு ஏற்கப்பட்டது. அவள் குவளை நிறைய எண்ணெய் எடுத்துச் சர்க்கார் முத்திரைக் குவளையில் ஊற்றினார்கள்; அது நிரம்பியது. ஜெகதாம்பாள் குவளையில் இன்னும் இரண்டு விரல் எண்ணெய் மிச்சம் நின்றது. நசுங்கலை அவளே உலக்கையால் உள்ளிருந்து தட்டியதில் குவளைக்கு வயிறு தள்ளியிருந்தது. மூன்று வருஷமாகப் பீப்பாய் சீக்கிரம் காலியாகிறதென்று பாவம், பீப்பாய் கொண்டுவரும் வண்டிக்காரனைத்தான் சபித்துக்கொண்டிருந்தாள்.

லைசென்ஸ் தப்பியது. பழைய குவளையைப் பறிமுதல் செய்து புதுசு கொடுத்தார்கள்.

மறுநாள் முதல் ஆளாக வந்த முத்தாயி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“கேசுல செயிச்சதும் அளவு கொறஞ்சுபோச்சே அத்தாச்சி.”

ஜெகதாம்பாள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஆபீசர் எவரும் இல்லை. பாட்டிலை வாங்கி இன்னும் இரண்டு விரல் ஊற்றினாள்.

“வாய மூடிக்கிட்டுப் போடி” என்றாள்.