மின்விசிறி நடந்த தூரம்

கதை கட்டுவதாக இருந்தால் நடுராத்திரி, மழை, நாய் ஊளை என்று ஆரம்பித்திருப்பேன். எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், பிற்பகல் 3.21 மணிக்கு. என் சொந்த வீட்டில். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் என் மானம் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. பொய் சொல்கிறவன் அதையும் சேர்த்துச் சொல்வானா?

என் மனைவியின் அக்கா கணவர் எனக்குச் சகலை. நேரில் 'சகலை' என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் நான் வைத்த பெயர் 'புதுசு'. செல்போன் கடையில் மேனேஜர். சந்தைக்கு எது புதிதாக வந்தாலும் ஒரு வாரம் முன்பே அவர் பையில் இருக்கும். அதை எல்லோர் முன்னாலும் மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே என்ன கோளாறு என்று சொல்லத் தெரிந்தவன் நான். ஆனால் மாமனார் வீட்டில் போன் நின்றுபோனால் "பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன், நன்றாகவே எரியும்.

நடக்கும் காலடிகளை எண்ணுகிற கைப்பட்டை ஒன்று இருக்கிறதே, அதில் புது மாடல் வாங்கிய அன்று தன் பழையதை என்னிடம் நீட்டினார்.

"சும்மாதான் கிடக்குது சகலை. நீங்க கட்டிக்கங்க."

பழைய செருப்பைக் கொடுக்கிற மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பருமனான கை. பட்டையின் மூன்றாவது ஓட்டை அவர் கட்டிக் கட்டி இழுபட்டிருந்தது. எனக்கு ஐந்தாவது ஓட்டைதான் சரியாக இருந்தது.

மாமனார் ஓய்வுபெற்ற நில சர்வேயர். நடைப் பைத்தியம். தன்னோடு எங்கள் இருவரையும் சேர்த்து போனில் ஒரு குழு போட்டார். யார் எத்தனை அடி நடந்தார்கள் என்பது உடனுக்குடன் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஒருநாள் அறிவித்தார்.

"வர்ற ஞாயிறு. சாயங்காலம் நாலு மணி வரைக்கும். யார் அதிகம் நடக்கிறீங்களோ, என் வாட்ச் அவங்களுக்கு."

சாவி கொடுத்து ஓடுகிற அந்தக் கைக்கடிகாரத்தை மூன்று முறை திறந்து ஓட வைத்தவன் நான். அதற்கு எப்படிச் சாவி கொடுப்பது என்றுகூடப் புதுசுக்குத் தெரியாது. அது அவர் கைக்குப் போவதை நினைத்தாலே எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

ஆனால் நடக்க எனக்கு உடம்பு வணங்காது. மூளைதான் நடக்கும். பட்டையை ஒரு காலுறைக்குள் சுருட்டிப்போட்டு, மாடி அறையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, எதிரே மேஜை விசிறியை வைத்தேன். காற்றில் காலுறை ஆடியது. ஓர் ஆட்டத்துக்கு ஓர் அடி ஏறியது. போனில் இதயத் துடிப்பு காட்டுகிற இடத்தில் மட்டும் இரண்டு கோடுகள். கையில் கட்டாவிட்டால் அப்படித்தான் காட்டும். அதை மற்றவர்கள் பார்க்க முடியாது. போதும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு மனைவியும் மகளும் காலையிலேயே மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பத்து மணிக்கு விசிறியைப் போட்டு, அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கீழே வந்து சோபாவில் கால் நீட்டினேன். சந்தேகம் வராமல் இருக்க நடுநடுவே போய் விசிறியை நிறுத்தி 'ஓய்வு' எடுத்தேன்.

1.32. நான் 19,212. அவர் 18,940. போன் அடித்தது. புதுசுதான். மூச்சு வாங்கியது அவருக்கு.

"சகலை, பின்றீங்களே! எங்க நடக்கிறீங்க?"

"ஏரிக்கரையில."

"அட, நானும் ஏரிக்கரையிலதான் இருக்கேன். உங்களைக் காணோமே?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

"நான் எதிர்க்கரையில இருக்கேன் சகலை."

"அப்படியா? நில்லுங்க. சுத்தி வந்து பிடிச்சிடுறேன்."

"வெயிலா இருக்கு, வேண்டாமே..."

"இருங்க, எப்படியும் பிடிச்சிடுறேன்!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏரி பெரிது. சுற்றி வரட்டும், நன்றாக வேர்க்கட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். இன்று அதை எழுதக் கை கூசுகிறது.

2.05. அவர் எண் நின்றது. 21,377. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம். களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார் என்று சோபாவில் துள்ளினேன்.

2.09. மறுபடி ஏறியது.

ஆனால் ஏதோ சரியில்லை. அதுவரை அவர் எண் பத்து, பதினைந்தாகத் தாவித் தாவி ஏறியது. மனுஷன் நடந்தால் அப்படித்தான். இப்போது ஒவ்வொன்றாக ஏறியது. ஒரே சீராக. மூச்சு வாங்காமல். என் விசிறி நடக்கிற மாதிரியே.

'இவரும் விசிறி வைத்துவிட்டாரா?' என்று பொறாமைதான் பட்டேன். பயப்படத் தோன்றவில்லை.

நான் மாடிக்குப் போய் விசிறியை வேகமாக வைத்தேன். அவரும் வேகமானார். ஓய்வுக்காக நிறுத்தினேன். அவரும் நின்றார். போட்டேன். கிளம்பினார். இரண்டு முறை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

3.20. கரண்ட் போனது.

மாடியில் விசிறி மெல்ல மெல்ல அடங்குவது கீழே கேட்டது. என் எண் 26,418-இல் நின்றது.

அவர் 26,411. 12. 13...

"ஐயோ, வாட்ச் போச்சு" என்று வாய்விட்டே சொன்னேன்.

16. 17. 18.

நின்றது. இருவரும் சமம்.

3.21.

என் எண் ஒன்று ஏறியது. 26,419.

மாடியில் ஒரு சத்தம். தொம்.

கரண்ட் இல்லை. காற்று இல்லை. சன்னல் மூடியிருந்தது.

போனில் இதயத் துடிப்பு காட்டுகிற இடத்தைப் பார்த்தேன். கோடுகள் இல்லை. அங்கே ஓர் எண் இருந்தது.

0.

கையில் கட்டியிருந்தால் எண் காட்டும். கட்டாவிட்டால் கோடு காட்டும். இத்தனை கருவிகளைத் திறந்து பார்த்தவன் நான். பூஜ்யம் காட்டி நான் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் கை இருக்கிறது... துடிப்பு இல்லை.

அவர் எண் ஏறியது. 26,419. தொம்.

என்னுடையது. 20. தொம்.

அவருடையது. 20. தொம்.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதுபோல ஏறியது. ஆனால் கேட்டது ஓர் ஆள் நடக்கிற சத்தம்.

ஆறு சத்தம். பிறகு நின்றது.

க்ரீச்...

நான் வெளியே போட்டிருந்த தாழ்ப்பாள்.

எங்கள் வீட்டு மாடிப்படிகள் பதினான்கு.

தொம். ஒன்று.

"யாரு?"

தொம். இரண்டு.

"சகலை... நீங்களா?"

நின்றது.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு வேகமாக இறங்கியது.

தொம். தொம். தொம்.

ஓடினேன். செருப்பில்லை. கதவைச் சாத்தவில்லை. தெருமுனைத் தையல் கடை வரை ஓடினேன். கடை பூட்டியிருந்தது. அதன் ஷட்டரில் சாய்ந்து நின்றேன். மூச்சு வரவில்லை.

3.29. போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? அக்கா வீட்டுக்காரர்..." அழுகை. "ஏரிக்கரையில விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரியில... போயிட்டாருங்க."

விழுந்தது 2.05-க்கு. எதிர்க்கரையில். அங்கே இளநீர் விற்கிறவர் பார்த்திருக்கிறார். அவரிடம்தான் சகலை கடைசியாகப் பேசியிருக்கிறார். "ஒருத்தர் இந்தப் பக்கம் நடந்து போனாரா? என் சகலை" என்று கேட்டாராம். இல்லை என்றதும் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக நடந்தாராம். அங்கேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். 2.40-க்கு நர்ஸ் அவருடைய பட்டையையும் போனையும் அணைத்து ஒரு கவரில் போட்டு ஒட்டியிருக்கிறார். கவரின்மேல் நேரம் எழுதியிருந்ததை நானே பார்த்தேன்.

அப்படியென்றால் 3.20 வரைக்கும் என் விசிறியோடு போட்டி போட்டு நடந்தது யார்?

மறுநாள் மாலை வீட்டுக்குப் போனேன், மைத்துனரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. மாடி அறை திறந்து கிடந்தது. கயிற்றில் காலுறை காலியாகத் தொங்கியது. பட்டை கடைசிப் படியில் கிடந்தது. மூன்றாவது ஓட்டையில் மாட்டியிருந்தது.

விசிறி விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மாமனார் வாட்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"உன்னைப் பிடிக்கணும்னுதான்பா அப்படி நடந்தான்" என்றார். "நீ ஜெயிச்சதுல அவனுக்குச் சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்."

ஆசைப்பட்ட பொருள் கைக்கு வந்தது. சாவி கொடுக்கக்கூட எனக்கு விரல் எழவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

போன வாரம் மனைவியின் அக்கா அவருடைய போனைக் கொண்டுவந்தார். உள்ளே இருக்கிற போட்டோக்களை எடுத்துத் தர வேண்டுமாம். முதல்முறையாக அந்த வீட்டிலிருந்து ஒரு போன் என்னிடம் வந்திருக்கிறது. போட்டோக்களை எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்குமுன், அன்றைய நடை வரைபடத்தைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

சிவப்புக் கோடு. வீட்டிலிருந்து ஏரிக்கரை. கரையைச் சுற்றி எதிர்ப்பக்கம். 2.05-க்கு ஒரு புள்ளி.

அங்கே கோடு முடியவில்லை.

2.09-க்கு மறுபடி தொடங்குகிறது. கரையைச் சுற்றி வரவில்லை. நேராக... தண்ணீருக்கு நடுவே. அப்புறம் தெருக்கள். அப்புறம் என் வீடு. 3.20-க்கு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அங்கிருந்து வாசல். தெரு. நான் ஓடிய அதே வழி. நான் திரும்பிய இடத்தில் திரும்பி, தையல் கடை முன்னால் நிற்கிறது.

நேரம் 3.29.

எப்படியும் பிடித்துவிடுகிறேன் என்றுதானே சொன்னார்.

பிடித்துவிட்டார்.