பதினோரு நாள் கிடந்த தென்னை

என் வாயைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தையல் மிஷின்கூட நடுவில் நூல் மாற்ற நிற்கும், இவள் நிற்க மாட்டாள் என்பார்கள். நான் மறுத்ததில்லை. ஆனால் அந்த வாய் ஒரு நிமிஷத்துக்கும் குறைவான வீடியோவாகத் தெரு முழுக்கச் சுற்றி, என் மகள் வாக்கப்பட்ட வீடு வரைக்கும் போன கதையை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

சித்திரை கடைசி. சின்னாளப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் தையல் கடையில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சிறுமலைப் பக்கம் கறுத்தது. சரி, கோடை மழை, புழுக்கம் குறையட்டும் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிஷத்தில் அடித்த காற்றில் எதிர்க்கடை போர்டு ரோட்டில் உருண்டு போயிற்று. மழை விட்டதும் ஷட்டரை இறக்கிவிட்டுப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு ஓடினேன். எங்கள் சந்து திரும்பும்போதே தெரிந்துவிட்டது. எப்போதும் வீட்டுக்குப் பின்னால் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் தென்னையைக் காணோம்.

வேரோடு சாய்ந்து பின்பக்கத்து அறையின் மேல் படுத்துக் கிடந்தது. சிமெண்ட் சீட் அத்தனையும் நொறுங்கி, சுவரின் மேல்வரிசைச் செங்கல் பெயர்ந்து, மட்டை கட்டிலின் மேல் கிடந்தது. முன்பக்கம் இரண்டு அறையும் தளம் போட்டவை, தப்பித்தன. மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வந்து முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று திருதிருவென்று விழித்தார். பின்னறையை ஒட்டிய சமையல்கட்டிலும் தண்ணீர் இறங்கி, மேடையில் சார்ஜ் போட்டு மறந்துவிட்டுப் போன என் போன் ஊறிச் செத்துப்போயிருந்தது.

அந்தப் பின்னறையை நாங்கள் கட்டியதே போன வருஷம்தான். என் ஒரே மகளை ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தேன். அவளுக்கு இது தலைச்சன். வளைகாப்புக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. வளையல் போட்டு அழைத்து வந்து அந்த அறையில்தான் அவளைப் படுக்க வைக்க வேண்டும். அதற்காகவே லோன் போட்டு, உட்கார்ந்து எழ வசதியாகக் கக்கூஸோடு சேர்த்துக் கட்டினேன். சம்பந்தி வீடு வசதியான இடம். "இங்கயே பெரிய ஆஸ்பத்திரி இருக்குங்களே, நாங்களே பாத்துக்கறமுங்களே" என்று சம்பந்தியம்மா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எனக்கென்று மிச்சமிருந்த ஒரே வீம்பு அது.

அன்று சாயங்காலமே சம்பந்தியம்மா என் வீட்டுக்காரரின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, அந்தப் பக்கம் பலத்த காத்துன்னு டிவியில சொன்னாங்க. வீட்டுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு மட்டை விழுந்துச்சு, அம்புட்டுத்தான்" என்றேன். சொல்லும்போது நான் முழங்கால் அளவு சீட்டுத் துண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

லோன் கொடுத்தபோது பேங்கில் வீட்டுக்கு ஒரு இன்சூரன்ஸையும் சேர்த்துத் தலையில் கட்டியிருந்தார்கள். அன்றைக்குத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டது இப்போது ஞாபகம் வந்தது. அந்தப் பணம் வந்தால்தான் கூரை, கூரை இருந்தால்தான் மகள். போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டு, மறுபடி பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் பேசினாள். "எதையும் தொடாதீர்கள் மேடம். மரம் எப்படி விழுந்ததோ அப்படியே இருக்க வேண்டும். சர்வேயர் வந்து பார்த்துப் படம் எடுப்பார். இரண்டு மூன்று நாளில் வருவார்." தொடாதே என்றால் தொடக்கூடாது. நான் சொல் தவறாதவள். அதை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டதுதான் என் கேடு.

மறுநாள் காலையிலேயே எங்கள் தெரு திரண்டு வந்துவிட்டது. எங்கள் ஊரில் இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சாவு என்றாலும் சாய்ந்த மரம் என்றாலும் தானாக வருவார்கள். எதிர்வீட்டு அண்ணன் ரம்பத்தோடு வந்தார், இன்னும் ஏழெட்டுப் பேர் கயிறும் அரிவாளுமாக வந்தார்கள். மதினி, அதாவது அண்ணனின் மனைவி, ஒரு தூக்குவாளியில் டீ போட்டு எடுத்து வந்திருந்தாள். நல்ல மனசோடு வந்தவர்கள். நான் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். முதலில் சொல்லவும் செய்தேன். "அட, இன்சூரன்ஸுக்காரன் கிடக்கான், நீ தள்ளு புள்ள" என்று அண்ணன் ரம்பத்தை மரத்தில் வைத்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தாவிப் போய் ரம்பத்தைப் பிடுங்கிச் சந்தில் எறிந்தேன்.

"எவனாச்சும் கை வச்சீக, கைய ஒடிச்சிருவேன்! எம்மக வந்து படுக்கப்போற ரூமு இது! நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது!"

அதற்கப்புறம் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவரவர் பிறந்த பிறப்பிலிருந்து தொடங்கிப் பேசிவிட்டேன். வந்தவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். தூக்குவாளி டீயை யாரும் குடிக்கவில்லை. நான் கத்தியதை யார் வீடியோ எடுத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, மத்தியானம் அது மதினியின் போனில் இருந்தது, தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது. "காசுக்காக மரத்த வீட்டு மேலயே வச்சிருக்கா" என்று கீழே ஒருவர் எழுதியிருந்தாராம்.

அதைக் கேட்டதும் எனக்குச் சம்பந்தியம்மாவின் முகம்தான் முன்னால் வந்தது. மதினி வீட்டுக்கு ஓடி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காலையில் கையை ஒடிப்பேன் என்றவள் சாயங்காலம் அதே கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சரி விடுடி, அழுது தொலைக்காத" என்று தன் போனில் அழித்தாள், குரூப்பிலும் எல்லோரையும் அழிக்கச் சொன்னாள். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மூன்று நாளில் வருவார் என்ற சர்வேயர் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. நடுவில் இரண்டு மழை. தென்னை ஊறி, மட்டை அழுகி நாறியது. சமையலை முன்னறைக்கு மாற்றினேன். ஈரம் சுவரில் நடு உயரத்துக்கு ஏறியது. தினமும் பாட்டுக் கேட்டேன், தினமும் பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். என்னிடம் இல்லாத பொருளுக்கு எத்தனை நன்றி! பக்கத்தில் யாரிடமாவது போனை வாங்கி நாலு படம் எடுத்து வை என்று யாராவது சொன்னார்களா என்றால், தெருவில் யார் என்னோடு பேசினார்கள்? எனக்காவது தோன்றியதா? மரமே கண்முன்னால் மலை மாதிரி கிடக்கும்போது படம் எதற்கு என்று நினைத்த அறிவாளி நான். மகள் கூப்பிடும்போதெல்லாம் "ரூம் எப்படிம்மா இருக்கு?" என்பாள். "ஜம்முனு இருக்குடி" என்பேன். அவள் உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். கர்ப்பக் களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

பத்தாம் நாள் போன் வந்தது. நாளை மத்தியானம் சர்வேயர் வருகிறார். பாலிசிப் பத்திரம் வேண்டும். பின்னறை அலமாரியில் இருந்த என்னுடையது நனைந்து கூழாகியிருந்தது. மறுநாள் காலையில் நகல் வாங்கத் திண்டுக்கல் பேங்குக்குக் கிளம்பினேன். போகும்போது வீட்டுக்காரரிடம், "ஆபீசர் வருவாரு, பாத்துக்கங்க" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

பேங்கில் நிற்க வைத்து நிற்க வைத்து நகலைக் கொடுத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணிக்குச் சந்துக்குள் நுழைந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மத்தியானத்தில் கோலம். பின்னால் ஓடினேன்.

தென்னை இல்லை. துண்டு துண்டாக அறுத்து டிராக்டரில் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. சீட்டு நொறுங்கல் ஒரு பொட்டு இல்லாமல் கூட்டி அள்ளிக் கிணற்றடிப் பள்ளத்தில் கொட்டி மண் போட்டாயிற்று. ஆபீசர் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று வேர் பெயர்ந்த குழியையும் மூடியிருந்தார்கள். பல் பல்லாக நின்ற செங்கல்லைக் கொத்தனார் ஒருவர் தட்டி வரிசையாக்கியிருந்தார். அறை கழுவிவிட்டது போல, கூரை மட்டும் இல்லாமல், பளிச்சென்று இருந்தது. நடுவில் இரவல் நாற்காலி ஒன்று, அதன் மேல் துண்டு விரித்து.

என் வீட்டுக்காரர் வேர்த்துக் கொட்ட, சந்தோஷமாக நின்றார். வீடு வீடாகப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்திருக்கிறார். எல்லோரும் கோபத்தை மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஆபீசர் வர்ற வரைக்கும்தானே தொடக்கூடாதுன்ன? இன்னைக்குத்தான் வர்றாருல்ல? நம்ம வீட்டுக்கு வர்ற மனுசன் குப்பையிலயா வந்து நிப்பாரு? நமக்கு மரியாதை வேணாமா?"

கழுவிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சர்வேயர் நல்ல மாதிரிதான். மோரை வாங்கிக் குடித்தார், நாற்காலியில் உட்காராமல் சுற்றிப் பார்த்தார். "மரம் எங்கம்மா?" என்றார். சொன்னோம். தெருவே சாட்சி சொன்னது, எல்லோரும் ஒரே நேரத்தில்.

"நீங்க சொல்றத நான் நம்புறேம்மா. கம்பெனி நம்பாது. பாத்தா நீங்களே கூரையப் பிரிச்சு வேலை ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. ஒரு படம், ஒரே ஒரு படம் இருந்தாப் போதும். சாயங்காலத்துக்குள்ள நான் ரிப்போர்ட் ஏத்தணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மதினியைப் பார்த்தேன்.

"என்ன ஏன்டி பாக்குற? நீதானே அழுது அழிக்கச் சொன்ன?" என்றாள். குரூப்பில் இருந்த ஒவ்வொருவரும் போனைத் துழாவினார்கள். என் அழுகைக்காக ஒருத்தர் மிச்சமில்லாமல் அழித்திருந்தார்கள். மதினி என்னைத் தனியாகச் சுவரோரம் இழுத்தாள். "உன் சம்பந்தகாரக பக்கம் அது போயிருச்சுடி. அப்பவே கேள்விப்பட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அவள் போனிலிருந்தே மகளைக் கூப்பிட்டேன். வீடியோ என்ற வார்த்தையைச் சொன்னதும், "அத்தை போன்ல இருக்கும்மா. ஒரு வாரமாவே எங்களுக்குத் தெரியும். நீயே சொல்லுவேன்னு அத்தை பொறுத்துப் பாத்தாங்க" என்றாள். ஜம்முனு இருக்குடி, ஜம்முனு இருக்குடி என்று நான் சொன்னதையெல்லாம் என் பிள்ளை அந்த நொறுங்கிய அறையைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

சம்பந்தியம்மா போனை வாங்கினார். "அனுப்பறனுங்க, அது எங்களுக்கு வந்த தேதி தெரியற மாதிரி போட்டோவும் புடிச்சு அனுப்பறனுங்க. ஏனுங்க சம்பந்தி, எங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க? நாங்க அந்நியமுங்களா?" அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, குத்தவில்லை. பிரசவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசட்டும் என்று காத்திருந்தார்.

மேலே பார்த்தேன். வெறும் வானம். வளைகாப்புக்கு இன்னும் ஐந்து நாள். பணம் எப்போது வரும் என்று சர்வேயருக்கே தெரியாது.

"பிள்ளைய அங்கயே வச்சுப் பாத்துக்கங்க" என்றேன்.

"சரிங்க" என்றார் உடனே. ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே பெயர் பதிந்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

வீடியோ வந்தது. சர்வேயர் மதினியின் போனை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். கழுவிய அறைக்குள் என் குரல் கத்தியது. எம்மக வந்து படுக்கப்போற ரூமு இது, ஒருத்தனும் தொடக்கூடாது. "மரம் தெளிவா இருக்கு. இது போதும்மா" என்றார். தெரு கைதட்டாத குறைதான். என் வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியின் மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு நின்றார்.

கேட்டதில் பாதிக்கும் கொஞ்சம் மேலே பணம் வந்தது, பேத்தி பிறந்து ஒரு மாதம் கழித்து. கூரை போட்டாயிற்று. அறையில் இப்போது நான் கடையிலிருந்து கொண்டுவரும் வெட்டுத்துணி மூட்டைகள் கிடக்கின்றன.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் ஒட்டன்சத்திரத்துக்குப் போனேன். கிழித்துத் துவைத்து வைத்திருந்த பழைய சேலைத் துணியெல்லாம் ஒரு பையில் எடுத்துப் போனேன். அங்கே எனக்காக வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். வீடு துடைத்துப் பளிச்சென்று இருந்தது. "வாங்க சம்பந்தி, வாங்க" என்று நாற்காலியில் துண்டு விரித்து உட்கார வைத்து, வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தார்கள். உள்ளே குழந்தை அழுதது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க சம்பந்தி, காப்பி ஆறிடும். நான் பாத்துக்கறேன்" என்று சம்பந்தியம்மா உள்ளே போனார்.

நான் உட்கார்ந்தேன்.